ஒரு சட்டைக்கு என்ன கூலி?

வீட்டில் இஸ்திரி போடும் தாய்மார்களுக்கு ஒரு கணக்கு

எழுத்துக் கூட்டிப் படிப்பவரானாலும் சரி, பட்டம் பெற்றவரானாலும் சரி, ஒரு கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் வராது. "உன் உழைப்புக்கு என்ன விலை?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கத்தரிக்காய்க்கு விலை சொல்வது எளிது. சந்தையில் கொடுத்த காசு இவ்வளவு, வண்டிச் சத்தம் இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று கூட்டிச் சொல்லிவிடலாம். உழைப்பு அப்படி அல்ல. அது தராசில் ஏறாது. படியிலும் அளக்க முடியாது. ஆகையால் அதை விற்கிறவர்கள் பெரும்பாலும் அடிமாட்டு விலைக்கே விற்றுவிடுகிறார்கள். அதிலும் வீட்டுக்குள் இருந்து உழைக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலைதானே!" என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருந்தபடி செய்யக்கூடிய தொழில்களில் ஒன்று துணிக்கு இஸ்திரி போடுவது. பெரிய முதல் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்பளி, ஒரு மின்சாரப் பெட்டி இருந்தால் போதும். நாளைக்கே தொடங்கிவிடலாம். ஆனால் முதல் மூட்டை வந்ததும் முதல் சிக்கலும் வந்துவிடும். ஒரு சட்டைக்கு எவ்வளவு கேட்பது?

செம்மண் ஊரிலே

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகாத் தலைநகரம் அது. தாலுகா அலுவலகம் உண்டு. யூனியன் அலுவலகம் உண்டு. பள்ளிக்கூடங்கள் உண்டு. கசங்காத சட்டையோடு காலையில் வெளியே போக வேண்டியவர்கள் இத்தகைய ஊரில் பலர். ஆசிரியர், எழுத்தர், கண்டக்டர், சீருடை அணியும் மாணவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஊரைச் சுற்றிலும் செம்மண் பூமி. முந்திரி விளைகிற மண். அதே சாலையில் புதுக்கோட்டைப் பக்கம் போனால் ஆதனக்கோட்டை வரும். அங்கே பெண்கள் முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பைச் சாலையோரத்தில் வைத்து விற்கிறார்கள்.

அந்த முந்திரிப் பருப்பின் விலையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொட்டையின் விலை மட்டுமா இருக்கிறது? வறுத்த விறகின் விலை இருக்கிறது. புகையில் நின்ற நேரம் இருக்கிறது. கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணைத் தாங்கிய கையும் அந்த விலையில் இருக்கிறது. இத்தனையையும் சேர்த்தால்தான் அது நியாயமான விலை.

சட்டைக்குப் போடும் இஸ்திரியும் இதே மாதிரிதான். மின்சாரக் காசை மட்டும் பார்த்து விலை சொல்கிறவள், கொட்டை விலைக்கே பருப்பை விற்றவள் ஆவாள்.

நெல்லில் கிடைத்த கூலி

துணி வெளுக்கும் தொழிலுக்கு நம் கிராமங்களில் முன்பு காசு கிடையாது. ஊர் வண்ணார் வீடுவீடாகப் போய் அழுக்கு எடுப்பார். வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொண்டுவந்து கொடுப்பார். மாலையில் வீட்டுக்கு வீடு சோறு வாங்கிக்கொள்வார். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டிலே அவருக்குரிய நெல் அளக்கப்படும். எவ்வளவு என்பதை அவர் சொல்வதில்லை. ஊர் வழக்கம் சொல்லும். மிராசுதார் மனசு சொல்லும்.

அந்த ஏற்பாட்டில் உழைத்தவருக்கு ஒரு உரிமை மட்டும் இல்லாமலே போயிற்று. தன் வேலைக்குத் தானே விலை சொல்லும் உரிமை அது. உழைப்பைக் கொடுத்தும், அதைக் கொடுத்ததற்காகவே அவர் தாழ்வாக நடத்தப்பட்டார். அது நம் சமூகத்தின் பழைய குறை.

பிறகு நகரங்களில் சலவைக் கடைகள் வந்தன. தள்ளுவண்டியில் கரிப் பெட்டி வைத்துத் தேய்ப்பவர்கள் தெரு முனைகளில் நின்றார்கள். "உருப்படிக்கு இவ்வளவு" என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று தானே வாய் திறந்து சொல்வது சிறிய காரியம் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காமல் இருந்து கிடைத்த உரிமை அது. அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் அல்லவா?

காந்தியடிகள் பிடித்த பெட்டி

கூலி கொடுப்பவருக்கு எப்போதுமே கூலி அதிகமாகத்தான் தோன்றும். மகாத்மா காந்திக்கும் அப்படித் தோன்றியது.

தென்னாப்பிரிக்காவில் அவர் வக்கீலாக இருந்த காலம். கழுத்துப்பட்டை வைத்த சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். சலவைக்காரர் கேட்ட கூலி, கிட்டத்தட்டக் கழுத்துப்பட்டையின் விலைக்கே சமமாக இருந்ததாம். சரி, நாமே செய்துவிடுவோம் என்று காந்தியடிகள் சலவை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். தாமே துவைத்தார். தாமே கஞ்சி போட்டார். தாமே பெட்டியும் பிடித்தார்.

முதல் நாள் என்ன ஆயிற்று? பெட்டி போதிய சூடு ஏறவில்லை. துணி பொசுங்கிவிடுமோ என்ற பயத்தில் அவர் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். கழுத்திலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது! மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. பழகப் பழகக் கை தேர்ந்துவிட்டது.

பிறகு 1912-இல் கோபாலகிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். நீதிபதி ரானடே அன்பளிப்பாகக் கொடுத்த அங்கவஸ்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை உயிர்போல் காத்து வந்தார். ஜோஹன்னஸ்பர்கில் நடந்த விருந்துக்கு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கசங்கியிருந்தது. சலவைக்கு அனுப்ப நேரம் இல்லை. "நான் தேய்த்துத் தருகிறேன்" என்றார் காந்தி. உங்கள் வக்கீல் திறமையை நம்புவேன், சலவைத் திறமையை நம்ப மாட்டேன் என்கிற பாவனையில் கோகலே தயங்கினார். காந்தி விடவில்லை. அழகாகத் தேய்த்துக் கொடுத்து நற்சான்றும் வாங்கினார். இவையெல்லாம் அவருடைய "சத்திய சோதனை"யில் உள்ளவை.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. தேய்ப்பது கை பழகிச் செய்ய வேண்டிய தொழில், சும்மா வருவது அல்ல என்பது முதல் பாடம். பிறருடைய துணியைக் கையில் வாங்குகிறவர் பெரிய பொறுப்பை வாங்குகிறார் என்பது இரண்டாவது பாடம். தொழில் பழகிய கைக்கும் கூலி உண்டு. பொறுப்புக்கும் கூலி உண்டு.

முதல் கணக்கு: கடிகாரம்

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

கந்தர்வக்கோட்டையில் ஒரு குடும்பத் தலைவி வீட்டிலேயே இஸ்திரித் தொழில் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவள் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, கடிகாரத்தை.

ஒரு சட்டை தேய்க்க எத்தனை நிமிஷம்? கழுத்து, தோள், கை, முன்பக்கம், பின்பக்கம், பிறகு மடிப்பு. நான்கு நிமிஷம் என்று கொள்வோம். பேண்டுக்கும் நான்கு நிமிஷம். ஒரு நாளைக்கு 30 உருப்படிகள் வந்தால் 120 நிமிஷம், அதாவது இரண்டு மணி நேரம்.

அவ்வளவுதானா? இல்லை. மூட்டையை வாங்கி எண்ண வேண்டும். யார் துணி என்று குறி வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்க வேண்டும். அடுக்கிக் கட்ட வேண்டும். வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஆக மொத்தம் மூன்று மணி நேரம்.

பெட்டி சூடாக இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, கால் நடந்த நேரத்தை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

சரி, ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி? இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென்று அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நாளை 8 மணி நேரமாகப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய் வருகிறது. ஏரி வெட்டவும் வாய்க்கால் தூரெடுக்கவும் அறிவித்த கூலி அது. பெட்டி பிடிப்பவளின் நேரம் அதைவிட மட்டமா என்ன? அதற்குக் கீழே போவதில்லை என்று அவள் உறுதி செய்துகொள்ளட்டும்.

மூன்று மணி நேரத்துக்கு 126 ரூபாய். இது அவளுடைய கூலி.

இரண்டாவது கணக்கு: செலவு

1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். உண்மையில் பெட்டி சூடு ஏறியதும் தானே நின்று, ஆறியதும் மறுபடி ஓடும். ஆனாலும் செலவைக் கூட்டி வைத்துப் பார்ப்பதே நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு 2 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16 ரூபாய்.

"மின்சாரம்தான் இலவசம் ஆயிற்றே!" என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் உத்தரவு வந்தது உண்மைதான். ஆனால் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 யூனிட். இரண்டு மாதத்தில் 50 நாள் வேலை செய்தால் 100 யூனிட். அந்த இலவசம் முழுவதையும் இஸ்திரிப் பெட்டியே விழுங்கிவிடும்! விளக்குக்கும் விசிறிக்கும் மிக்சிக்கும் காசு கட்ட வேண்டியதுதான். அதுமட்டும் அல்ல. யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே இலவசம் என்று நினைத்து மின்சாரக் காசை விட்டுவிடக் கூடாது. வீட்டு இணைப்பில் தொழில் செய்யலாமா, என்ன கட்டணம் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் அபராதம் வந்து நிற்காது.

அடுத்தது பெட்டியின் தேய்மானம். பெட்டி என்றென்றும் உழைக்காது. கம்பி அறும், பிளக் கருகும், கம்பளி பொசுங்கும். இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கு 1,800 ரூபாய் என்றால், 300 வேலை நாளுக்குப் பிரித்து நாளைக்கு 6 ரூபாய். இதைத் தனி உண்டியலில் போட்டு வைத்தால், பெட்டி கெட்டுப்போகும் நாளில் கடன் வாங்க வேண்டியிருக்காது.

கஞ்சிமாவு, நூல், கட்டிக் கொடுக்கும் காகிதம், கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் நாளைக்கு இன்னொரு 6 ரூபாய்.

கடைசியாக ஒரு காப்புப் பணம். என்றாவது ஒரு சட்டை பொசுங்கலாம். என்றாவது ஒருவர் காசு கொடுக்காமலே ஊர் மாறிப் போய்விடலாம். அதற்காக நாளைக்கு 16 ரூபாய் ஒதுக்குவோம்.

கூட்டிப் பார்ப்போம்

கூலி 126 ரூபாய். மின்சாரம் 16 ரூபாய். பெட்டித் தேய்மானம் 6 ரூபாய். சில்லறைச் செலவு 6 ரூபாய். காப்புப் பணம் 16 ரூபாய். மொத்தம் 170 ரூபாய்.

இதை 30 உருப்படிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 5 ரூபாய் 67 காசு வருகிறது. 6 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 6 ரூபாய் விலை அல்ல. இது தரை. இதற்குக் கீழே இறங்கினால் அவள் தன் கையிலிருந்து காசு போட்டு ஊராரின் சட்டையைத் தேய்க்கிறாள் என்று பொருள்.

பயந்துபோய் 4 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? 30 உருப்படிக்கு 120 ரூபாய் வரும். செலவு 44 ரூபாய் போனால் 76 ரூபாய் மிஞ்சும். மூன்று மணி நேரத்துக்கு 76 ரூபாய் என்றால் மணிக்கு 25 ரூபாய்தான். உச்சி வெயிலில் அடுப்புப் போன்ற பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு இது கூலியா?

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கடிகாரத்தையும் தத்தம் மின்சாரச் சீட்டையும் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். எண் மாறலாம். கணக்கு மாறாது.

கடைத்தெரு சொல்லும் விலை

தரை தெரிந்தது. கூரை எங்கே? அதைக் கடைத்தெருதான் சொல்லும்.

ஊரில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். தெரு முனையில் தள்ளுவண்டிக்காரர் என்ன வாங்குகிறார்? சலவைக் கடையில் என்ன வாங்குகிறார்கள்? அவர்கள் 10 ரூபாய் வாங்கினால், வீட்டில் தொழில் செய்பவள் 8 ரூபாய் சொல்லலாம். அல்லது அதே 10 ரூபாயைச் சொல்லி, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கலாம்.

ஆனால் 4 ரூபாய் சொல்லி எல்லோருடைய மூட்டையையும் இழுத்துக்கொள்ள நினைக்கலாமா? கூடாது. அது தனக்கும் கேடு, பிறருக்கும் கேடு. தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வண்டிதான் சோறு. மழை பெய்தாலும் மூட்டை வராவிட்டாலும் கரி எரிந்துகொண்டே இருக்கும். கரிக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். கரிப்புகையை நாள் முழுதும் குடிக்கவும் வேண்டும்.

இந்தத் துன்பத்தைக் கண்டு மனம் இரங்கியவள் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை அவள் வடிவமைத்தாள். 2020-இல் சுவீடன் நாட்டில் வழங்கப்படும் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் பேசவும் செய்தாள். தெருவில் தேய்ப்பவரின் சுமையை உலகச் சபை வரைக்கும் கொண்டுபோனவள் ஒரு சிறுமி! தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மூலம் சலவைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகத் தேய்ப்புப் பெட்டி வழங்கும் திட்டமும் நடந்து வந்திருக்கிறது.

விலையைக் கூட்டினால் ஆள் குறைந்துவிடுமே என்ற அச்சம் வேண்டாம். இன்னொரு கணக்கைப் பாருங்கள். 8 ரூபாய் சொன்னதால் பத்து உருப்படிகள் குறைந்து 20 மட்டும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 160 ரூபாய் வரும். வேலை குறைந்ததால் செலவும் 32 ரூபாயாகக் குறையும். மிச்சம் 128 ரூபாய். வேலை செய்த நேரமோ இரண்டே மணி. 4 ரூபாய்க்கு மூன்று மணி நேரம் நின்று 76 ரூபாய் வாங்கியது எங்கே, 8 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் நின்று 128 ரூபாய் வாங்குவது எங்கே! மிச்சமான ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

சட்டையும் சேலையும் ஒன்றா?

எல்லாத் துணிக்கும் ஒரே விலை வைப்பது இரண்டாவது தவறு. சட்டைக்கு நான்கு நிமிஷம். கஞ்சி போட்ட நூல் சேலைக்குப் பன்னிரண்டு நிமிஷம். இரண்டுக்கும் ஒரே விலை என்றால், சேலைக்காரர்களுடைய வேலையில் மூன்றில் இரண்டு பங்கு தர்மத்துக்குப் போயிற்று.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. சட்டைக்கு நான்கு நிமிஷம், 8 ரூபாய். அப்படியானால் நிமிஷத்துக்கு 2 ரூபாய். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஆறு நிமிஷம் பிடிக்கும் மடிப்புப் பாவாடைக்கு 12 ரூபாய். பன்னிரண்டு நிமிஷம் பிடிக்கும் சேலைக்கு 24 ரூபாய். பட்டுச் சேலைக்கு நேரம் மட்டும் அல்ல, பயமும் உண்டு. அதற்குத் தனி விலை சொல்வதில் தவறு இல்லை. கை பழகாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

விலையை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிடுவது நல்லது. அட்டையில் இருக்கும் விலையோடு யாரும் அதிகம் வாதாடுவதில்லை. வாயால் சொல்லும் விலையோடுதான் வாதாடுவார்கள்.

மாதக் கணக்கு என்னும் வலை

"மாதம் 600 ரூபாய் வாங்கிக்கொள். வீட்டுத் துணி எல்லாம் தேய்த்துக் கொடு" என்று சிலர் கேட்பார்கள். மொத்தமாக 600 ரூபாய் என்றதும் மனசு ஆசைப்படும். அப்போதும் பென்சிலை எடுக்க வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாரத்துக்கு ஐந்து நாள் சீருடை. ஆளுக்கு இரண்டு உருப்படி வீதம் வாரத்துக்கு 20. வீட்டுக்காரருக்கு ஆறு நாளுக்குச் சட்டையும் பேண்டுமாக 12. ஆக வாரத்துக்கு 32. நான்கு வாரத்துக்கு 128.

600 ரூபாயை 128-ஆல் வகுத்தால் உருப்படிக்கு 4 ரூபாய் 69 காசு. நம் தரை 6 ரூபாய் ஆயிற்றே! 6 ரூபாய் வீதம் போட்டாலே 768 ரூபாய் வேண்டும். 900 ரூபாய் என்றால் உருப்படிக்கு 7 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். அதோடு, "மாதம் 128 உருப்படி வரைக்கும் இந்தக் கணக்கு, மேலே வந்தால் தனி" என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் விருந்தாளிகளின் துணியும் அதே மூட்டையில் வந்து சேரும்!

குறைத்துக் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். அவர்களே கொண்டுவந்து போட்டு, அவர்களே எடுத்துக்கொண்டு போனால் நடை மிச்சம். அந்த நேரத்துக்கு உரிய காசைக் குறைக்கலாம். நேரம் மிச்சமானால் தள்ளுபடி உண்டு. முகத்துக்காகத் தள்ளுபடி கிடையாது.

"பக்கத்து வீடுதானே!"

கணக்கெல்லாம் சரி. கேட்க நாக்கு எழ வேண்டுமே! அங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். கடைக்காரரிடம் கேட்காதவர்கள் கூடத் தெரிந்த பெண்ணிடம் இப்படிக் கேட்பார்கள்:

"ஏம்மா, பக்கத்து வீட்டுக்குக் கூடவா காசு கணக்குப் பார்ப்பே?"

இதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம்:

"உங்களுக்கு ஒரு விலை, ஊருக்கு ஒரு விலைன்னா நல்லாவா இருக்கும் சின்னம்மா? எல்லாருக்கும் எட்டு ரூபாதான். உங்க துணியை மொதல்ல தேய்ச்சுத் தர்றேன்."

உறவுக்கு உரிய மரியாதையும் ஆயிற்று. உழைப்புக்கு உரிய காசும் ஆயிற்று. பணம் கஷ்டப்படுகிற வீட்டுக்கு ஒரு நாள் இலவசமாகத் தேய்த்துக் கொடுக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது தானம் என்று நோட்டில் எழுத வேண்டும். தானம் தானமாக இருக்கட்டும். தொழில் தொழிலாக இருக்கட்டும். இரண்டும் கலந்தால் இரண்டுமே கெடும்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "சமையல் முடிந்த பிறகு சும்மா தேய்க்கிறாள்" என்று சொல்லக் கூடாது. அந்தக் காசில்தான் பிள்ளையின் பேனாவும் நோட்டும் வருகின்றன. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பொசுங்கிவிட்டால்?

வாங்கும்போதே துணியை விரித்துப் பார்க்க வேண்டும். கிழிசல், கறை, பொத்தான் இல்லாமை எல்லாவற்றையும் கொடுப்பவர் எதிரிலேயே காட்டிவிட வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் காசையும் சீட்டையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

துணியின் உள்பக்கத்துச் சீட்டில் இஸ்திரிப் பெட்டி போன்ற சிறு படம் இருக்கும். அதற்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் இளஞ்சூடு. இரண்டு புள்ளி என்றால் நடுத்தரச் சூடு. மூன்று புள்ளி என்றால் நல்ல சூடு. பெட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் தேய்க்கவே கூடாது. இதைப் படிக்க எழுத்தே தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

அப்படியும் பொசுங்கிவிட்டால் மறைக்கக் கூடாது. ஒளித்து மடித்துக் கொடுத்தால் ஒரு சட்டையோடு போகாது, ஊரின் நம்பிக்கையும் போகும். காப்புப் பணம் அதற்குத்தானே இருக்கிறது? எடுத்துக் கொடுத்துவிடலாம். பழைய துணிக்குப் புதுத் துணியின் விலை கேட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி, விலை அட்டையிலேயே எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாமல் பெட்டியைத் தொடவே கூடாது. ஈரக் கையும் ஈரத் தரையும் ஆகாது. எந்தக் கூலியும் உயிருக்கு ஈடு ஆகாது.

கணக்குப் படித்த மாவட்டம்

கணக்குப் போடுவதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. அதிலும் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் அப்படிச் சொல்லவே கூடாது.

1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்குப் போன பெண்களும் கல் உடைத்த பெண்களும் இரவு விளக்கின் கீழ் உட்கார்ந்து எழுத்தும் எண்ணும் கற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் இறங்கவில்லை. கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தவும் முன்வந்தார்கள்.

கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள், எண் படித்த பிறகு கணக்குக் கேட்டார்கள். எழுத்து படித்ததன் பயன் கையெழுத்துப் போடுவதோடு முடிவதில்லை. தன் உழைப்பின் விலையைத் தானே எழுதத் தெரிவதும் படிப்புத்தான்.

இஸ்திரிக்கு மட்டும் அல்ல, இந்தக் கணக்கு எல்லா வீட்டுத் தொழிலுக்கும் பொருந்தும். ரவிக்கை தைப்பவர், இட்லி மாவு அரைப்பவர், பூ கட்டுபவர் எல்லோரும் இதே போலக் கடிகாரத்தைப் பார்த்து, செலவைக் கூட்டி, தரையைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே நின்று விலை சொல்லலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். மின்சாரம் ஏறியிருக்கும். அரிசி ஏறியிருக்கும். கூலி மட்டும் ஏறாமல் நிற்கலாமா? பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே, "தை முதல் தேதியிலிருந்து உருப்படிக்கு இவ்வளவு" என்று அட்டையில் எழுதிவிட்டால், யாருக்கும் வருத்தம் இருக்காது.

அதிகம் கேட்பது பேராசை. குறைவாகக் கேட்பது பெருந்தன்மை அல்ல, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. கணக்குப் போட்டுக் கேட்பதுதான் நியாயம். நியாயமான விலையைச் சொல்லும்போது குரல் தழைய வேண்டிய அவசியம் இல்லை.